கட்டற்ற மென்பொருள்கள்: எந்தப் பணிக்கு எது?

கணிப்பொறி ஒன்றை வாங்கியவர் அடுத்தபடியாகக் கேட்கும் கேள்வி மென்பொருளைப் பற்றியதாகவே இருக்கும். "இன்ன மென்பொருளுக்குப் பதிலாகக் காசு கொடுக்காமல் கிடைப்பது எது?" என்று கேட்பார். இதற்கு விடையாகப் பட்டியல் ஒன்றைப் பலரும் ஒப்பிக்கின்றனர். வேர்டுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ், போட்டோஷாப்புக்குப் பதில் ஜிம்ப், மேட்லாபுக்குப் பதில் ஆக்டேவ் என்று அப்பட்டியல் நீளும். மருந்துக் கடையில் ஒரு மாத்திரை இல்லையென்றால் அதே சரக்குள்ள வேறு மாத்திரையை எடுத்துக் கொடுப்பதைப் போன்ற முறை இது. மாத்திரைக்கு இம்முறை பொருந்தலாம். மென்பொருளுக்குப் பொருந்துவதில்லை. ஒன்று ஒரு வேலையை நன்றாகச் செய்யும், மற்றொன்றில் கைவிடும். பட்டியலை நம்பி இறங்கிய மாணவர், ஒரு வாரத்தில் சலித்துப்போய், "இலவசமாகக் கிடைப்பது இப்படித்தான் இருக்கும்" என்று முடிவு கட்டிவிடுகின்றார். இம்முடிவும் தவறு, பட்டியலும் தவறு. பணிவாரியாகப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

விலையா, உரிமையா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கட்டற்ற மென்பொருள் என்பது விலையில்லா மென்பொருள் என்று பொருள்படாது. மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிவந்த ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர் 1983-ஆம் ஆண்டு செப்டம்பரில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். அவர் வேண்டியவை நான்கு உரிமைகள்: மென்பொருளை எந்த நோக்கத்துக்கும் பயன்படுத்துவது, அதன் மூல நிரலைப் படித்து அறிந்து மாற்றுவது, படியெடுத்துப் பிறருக்குக் கொடுப்பது, தாம் மாற்றியமைத்ததையும் கொடுப்பது. 1989-இல் வெளியான ஜி.பி.எல். என்னும் உரிம ஒப்பந்தம் இவ்வுரிமைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. மாற்றியமைத்து வெளியிடுபவர் அடுத்தவருக்கும் இதே உரிமைகளை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதிய லினக்ஸ் கருநிரல் மறு ஆண்டே இவ்வொப்பந்தத்தின்கீழ் வந்தது. "திறந்த மூலம்" என்னும் பெயர் 1998-இல்தான் தோன்றியது. உரிமையை வற்புறுத்துபவர்கள் முதல் பெயரையும், கூட்டாக உருவாக்கும் முறையின் பயனை வற்புறுத்துபவர்கள் இரண்டாம் பெயரையும் கையாளுகின்றனர். மென்பொருள் பெரும்பாலும் ஒன்றேதான்.

விலையைப் பற்றிய வாதம் நம் ஊர்களில் எடுபடுவதில்லை. காரணம் எல்லோரும் அறிந்ததே. விலை கூடிய மென்பொருள்களின் திருட்டுப் படிகள் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன. கணிப்பொறியைப் பழுது பார்க்கும் கடைக்காரரே ஏற்றிக் கொடுத்துவிடுகின்றார். இரண்டும் காசில்லாமல் கிடைக்கும்போது "இது மலிவு" என்று சொல்வதில் பொருளில்லை. அதனால் விலையை ஒதுக்கிவிட்டு, செய்யும் வேலையில் எது சிறந்தது, செய்த வேலை பத்தாண்டு கழித்தும் நம் கையில் இருக்குமா என்னும் இரண்டு கேள்விகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கின்றேன்.

எழுத்து வேலையும் கணக்கு வேலையும்

லிப்ரே ஆபீஸின் வரலாறே ஒரு பாடம். ஜெர்மனியில் ஸ்டார் ஆபீஸ் என்ற பெயரில் விற்கப்பட்ட மென்பொருள் அது. 1999-இல் அமெரிக்காவின் சன் நிறுவனம் அதனை வாங்கி, 2000-இல் மூல நிரலை வெளியிட்டது. ஓப்பன் ஆபீஸ் பிறந்தது. 2010-இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. புதிய உரிமையாளர் என்ன செய்வாரோ என்று ஐயுற்ற நிரலாளர்கள் பலர் அதே ஆண்டில் விலகி, ஒரு பொது அமைப்பை நிறுவி, அதே நிரலைக் கொண்டு லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர். எவருடைய அனுமதியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஓப்பன் ஆபீஸ் என்ற பழைய பெயரோ அப்பாச்சி அமைப்புக்குப் போய்ச் சேர்ந்தது. 2014-இல் அதன் 4.1 பதிப்பு வெளிவந்தது. அதற்குப் பின் வந்தவை அப்பதிப்பின் சிறு திருத்தங்களே. இருந்தும் பழைய பெயரை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்றும் அதையே தேடி எடுக்கின்றனர். 2018-இல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பதினோராம் வகுப்புப் பாடநூல்கூட ஓப்பன் ஆபீஸையே கற்பித்தது. கட்டற்ற மென்பொருளைப் பாடமாக வைத்தது பாராட்டத்தக்கது. ஆயினும் இரண்டு கிளைகளுள் வளரும் கிளையை விட்டு வாடும் கிளையைப் பிடித்துக்கொண்டது ஏன் என்று விளங்கவில்லை.

கடிதம், கட்டுரை, ஆய்வேடு எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ் போதுமா? போதும். அதன் கோப்பு வடிவம் 2006-இல் பன்னாட்டுத் தர நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றது. அக்கோப்பின் பெயரிலுள்ள ஓ.டி.டி. என்னும் வாலை நீக்கி ஜிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். உள்ளே நீங்கள் எழுதியது வெறும் எழுத்துகளாக, எந்தச் சாதாரண நிரலாலும் படிக்கத்தக்க நிலையில் இருக்கும். அந்த மென்பொருள் நாளை மறைந்தாலும் உங்கள் எழுத்து மறையாது. நியாயமாகச் சொல்வதானால், வேர்டின் புதிய கோப்பு வடிவமும் இவ்வாறே அமைந்தது. அதுவும் 2008-இல் தர ஏற்பைப் பெற்றது. எனவே "அது பூட்டிய பெட்டி, இது திறந்த பெட்டி" என்று இக்காலத்தில் வாதிடுவது மிகை.

தொல்லை வேறிடத்தில் இருக்கின்றது. வேர்டில் 40 பக்கமாக இருந்த ஏடு லிப்ரே ஆபீஸில் 43 பக்கமாகிவிடும். படங்கள் இடம் பெயரும். மாணவர்கள் இதைக் கண்டு மிரளுகின்றனர். இதற்குப் பெரும்பாலும் எழுத்துருவே காரணம். ஒரு வரியில் எத்தனை சொற்கள் அடங்கும் என்பது ஒவ்வோர் எழுத்தின் அகலத்தையும் பொறுத்தது. கேலிப்ரி என்னும் எழுத்துரு உங்கள் கணிப்பொறியில் இல்லையென்றால் வேறோர் எழுத்துரு அதன் இடத்தை நிரப்பும், அகலம் மாறும், வரி மாறும், பக்கம் மாறும். கேலிப்ரியின் அகலங்களையே அப்படியே கொண்ட கார்லிட்டோ என்னும் கட்டற்ற எழுத்துருவை நிறுவினால் இத்தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். முழுதும் தீரும் என்று சொல்லமாட்டேன். ஒரே ஏட்டை வழிகாட்டியும் மாணவரும் மாறி மாறித் திருத்தும் நிலையில், இருவரும் ஒரே மென்பொருளை வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

விரிதாளுக்கு வருவோம். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 1900 லீப் ஆண்டு அன்று. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டாகும். ஆனால் எக்செல் 1900-க்குப் பிப்ரவரி 29 உண்டென்று கணக்கிடுகின்றது. லோட்டஸ் 1-2-3 என்னும் பழைய மென்பொருளில் இருந்த பிழையை, அதன் தாள்கள் இதிலும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே ஏற்றுக்கொண்டது அது. லிப்ரே ஆபீஸ் அந்தப் பொய் நாளை ஏற்கவில்லை. ஆனால் மற்ற நாள்களின் எண்கள் எக்செலுடன் ஒத்துவர வேண்டுமே? அதற்காக நாள் எண்ணிக்கையை 1899 டிசம்பர் 30-இலிருந்து தொடங்குகின்றது! இதனால் 1900 மார்ச் 1-ஆம் நாள் இரண்டிலும் 61 என்றே வரும். அதற்கு முந்திய நாள்களில் மட்டும் ஒன்று வேறுபடும்.

இன்னொன்றை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். எக்செலின் ஒரு கட்டத்தில் =-2^2 என்று இடுங்கள். விடை 4 என்று வரும். லிப்ரே ஆபீஸிலும் 4-தான். ஆனால் ஆர், ஆக்டேவ், பைத்தான் ஆகிய மூன்றிலும் இதே கணக்குக்கு விடை -4. பள்ளியில் நாம் படித்ததும் இதுவே. விரிதாள் கழித்தல் குறியை எண்ணோடு ஒட்டிய ஒன்றாகக் கருதி முதலில் எடுத்துக்கொள்கின்றது. மற்றவை அடுக்கை முதலில் செய்கின்றன. "அதற்குப் பதில் இது" என்று உருவான மென்பொருள், மூலத்தின் வழக்கங்களையும் சேர்த்தே ஏற்க வேண்டியதாகிறது. தனக்கென ஒரு பணியைத் தேர்ந்துகொண்டு உருவான மென்பொருளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இவ்வேறுபாடு இக்கட்டுரை முழுவதிலும் தொடர்ந்து வரும்.

தமிழ் எழுத்தும் அச்சும்

நமக்கு மிக வேண்டிய சோதனை இது. "கொ" என்னும் எழுத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரிவன மூன்று துண்டுகள்: இடப்புறம் ஒற்றைக் கொம்பு, நடுவில் "க", வலப்புறம் கால். யூனிகோடு முறையிலோ, முதலில் "க" என்னும் மெய்யும், பின்னர் ஒகர உயிர்க்குறியும் என்ற ஒலி வரிசையில்தான் கணிப்பொறி நினைவில் வைத்திருக்கும். அதனைத் திரையில் காட்டும்போது கொம்பை முன்னே கொண்டுவந்து நிறுத்துவதற்குத் தனியாக ஒரு நிரல் வேண்டும். அந்நிரல் இல்லாத மென்பொருளில் தமிழ் சிதறிப்போகும்.

பேஜ்மேக்கர் போன்ற பழைய பக்க அமைப்பு மென்பொருள்களில் இவ்வசதி கிடையாது. ஆகவே நம் அச்சகங்கள் ஒரு குறுக்கு வழியைக் கண்டன. ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்து எழுத்துருக்களைச் செய்தனர். கொம்பைத் தனியாக முதலில் அடித்து, பின்னர் "க"வை அடித்தனர். தாளில் தமிழ் அழகாகவே விழுந்தது. ஆனால் கணிப்பொறியைப் பொறுத்தவரை அது தமிழே அன்று. ஆங்கில எழுத்துகளின் குவியல். எழுத்துரு கைமாறினால் நூல் முழுவதும் குழம்பும். ஒரு சொல்லைத் தேடவும் இயலாது. ஒழுங்காக யூனிகோடில் எழுதிக் கொடுத்த கட்டுரையை, "எங்கள் எழுத்துருவில் மாற்றிக் கொண்டுவாருங்கள்" என்று திருப்பியனுப்பிய அச்சகம் ஒன்றை நான் அறிவேன். பேஜ்மேக்கரை உருவாக்கியவர்களே 2004-இல் அதனைக் கைவிட்டனர். 2019-இல் வெளிவந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் நூலில் அதற்குப் பாடம் இருந்தது!

கட்டற்ற மென்பொருள்கள் இவ்விடத்தில் முந்திக்கொண்டன என்பதில் ஐயமில்லை. எழுத்துகளை ஒழுங்குபடுத்தும் ஹார்ஃப்பஸ் என்னும் நிரல் பயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆபீஸ் ஆகிய எல்லாவற்றிலும் இயங்குகின்றது. ஒருவர் எழுதியது பலருக்கும் பயன்படுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. பக்க அமைப்புக்குரிய ஸ்கிரைபஸ் மட்டும் பின்தங்கியிருந்தது. அதன் 1.4 பதிப்பில் தமிழை அமைப்பது இயலாது. 2017-இல் வந்த 1.5.3 என்னும் வளர்நிலைப் பதிப்பில்தான் இந்தக் குறை நீங்கியது, 1.6 என்னும் நிலைத்த பதிப்பு வர 2024 ஆயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் "ஸ்கிரைபஸில் தமிழ் வராது" என்ற பேச்சு பரவியது. இன்று அது பொய். அச்சுக்குரிய நான்கு மை வண்ண முறையும் அதில் நிறைவாக உள்ளது. துண்டறிக்கை, சிறு இதழ் போன்றவற்றுக்குத் தாராளமாக ஏற்கலாம்.

கணிதச் சமன்பாடுகள் நிறைந்த நூலுக்கு இவை எவையும் டெக்குக்கு இணையாகா. டொனால்டு கினுத் 1978-இல் வெளியிட்டது அது. அதன் பதிப்பு எண் திருத்தத்துக்குத் திருத்தம் 3.14, 3.141 என்று பையின் மதிப்பை நெருங்கிக்கொண்டே போகும். பிழை கண்டுபிடித்தவர்களுக்கு அவர் காசோலை அனுப்பியதும் உண்டு. ஜீடெக் என்னும் கிளையில் யூனிகோடுத் தமிழ் நன்றாக அமைகின்றது. கற்க ஒரு மாதம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

படம் வரைதல்

ஜிம்ப் 1995-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இரு மாணவர்களின் பயிற்சித் திட்டமாகத் தொடங்கியது. புகைப்படத்தைத் திருத்துதல், அளவு குறைத்தல், பின்னணியை நீக்குதல் ஆகிய அன்றாட வேலைகளுக்கு அது போதுமானது. நெடுங்காலம் அதில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒரு மாற்றத்தைச் செய்துவிட்டால் அது படத்தில் பதிந்துவிடும். பிறகு அந்த மாற்றத்தின் அளவை மட்டும் தனியே திருத்த இயலாது. 2025 மார்ச்சில் வெளியான 3.0 பதிப்பில்தான் பெரும்பாலான வடிகட்டிகளுக்கு இக்குறை நீங்கியது. இவ்வசதிக்குப் பயனர்கள் பல்லாண்டுகள் காத்திருந்தனர். அச்சு வேலைக்கு இன்னும் தடை உண்டு. நான்கு மை வண்ணக் கோப்பாக வெளியே அனுப்பும்; ஆனால் உள்ளே திருத்தம் செய்வதெல்லாம் திரைக்குரிய மூன்று வண்ணத்தில்தான். ஆகவே அச்சகத்தாரிடம் "ஜிம்ப் போட்டோஷாப்புக்கு ஈடு" என்று சொல்பவர் அவர் வேலையை அறியாதவர்.

கையால் வரைபவர்களுக்கு ஜிம்ப்பைவிடக் கிரிட்டா பல மடங்கு ஏற்றது. அறிவியல் வரைபடம், சுற்றுப்படம், சின்னம் போன்றவற்றுக்கு இங்க்ஸ்கேப்பை நாட வேண்டும். அது படத்தைப் புள்ளிகளாகக் கொள்ளாமல் கோடுகளின் கணித வடிவமாகக் கொள்வதால், தபால்தலை அளவிலிருந்து சுவரொட்டி அளவுக்குப் பெரிதாக்கினாலும் விளிம்பு சிதையாது. தேர்வு ஏட்டுக்கு உயிரணுப் படம் வரையும் மாணவர் ஜிம்ப்பைத் திறந்து அல்லல்படுவது நம் பட்டியல்காரர்களின் கைங்கரியம்.

பிளெண்டரின் கதை வேறு. நெதர்லாந்தில் டான் ரூசெண்டால் என்பவர் உருவாக்கிய முப்பரிமாண மென்பொருள் அது. அதனை விற்ற நிறுவனம் 2002-இல் நொடித்தது. மூல நிரலை விடுவிக்க ஒரு லட்சம் யூரோ கேட்கப்பட்டது. பொதுமக்கள் ஏழு வாரங்களில் அத்தொகையைத் திரட்டிக் கொடுத்தனர். லாத்வியாவில் பிளெண்டரைக் கொண்டே உருவான ஃப்ளோ என்னும் இயங்குபடம் 2025-இல் ஆஸ்கர் பரிசு பெற்றது. இம்மென்பொருளை எதற்கும் "பதிலாக" எவரும் குறிப்பிடுவதில்லை.

கணிதமும் அறிவியலும்

இத்துறையில் பட்டியல் தலைகீழாகின்றது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் உருவாக்கிய ஆர் மொழிக்கு இன்று 20,000-க்கும் மேற்பட்ட துணைத் தொகுப்புகள் உள்ளன. புள்ளியியலில் புதிய முறை ஒன்றைக் கண்டவர் அதனை ஆர் தொகுப்பாகவே வெளியிடுவது வழக்கமாகிவிட்டது. விலைக்கு விற்கும் மென்பொருள்களே அதைப் பின்தொடர வேண்டியுள்ளது.

இதில் கவனிக்க வேண்டிய பொருள் ஒன்றுண்டு. 2020-இல் இங்கிலாந்தில் கோவிட் நோயாளர் எண்ணிக்கையில் ஏறத்தாழ 16,000 பேர் விடுபட்டுப் போயினர். தகவல்களைப் பழைய வகை எக்செல் கோப்பில் சேர்த்ததே காரணம். அதில் 65,536 வரிகளுக்கு மேல் அடங்காது. லிப்ரே ஆபீஸில் 10,48,576 வரிகள் அடங்கும். புதிய எக்செல் கோப்பிலும் அவ்வளவே. ஆனால் இத்தகைய வேலையை விரிதாளிடம் ஒப்படைத்ததே பிழை. ஆர் மொழியில் செய்த கணக்கு ஒரு கட்டளை வரிசையாக எழுத்தில் நிற்கும்; வேறொருவர் அதனை வரிவரியாகப் படித்துச் சரிபார்க்கலாம். விரிதாளில் சூத்திரங்கள் கட்டங்களுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். செய்முறை ஏட்டில் வழிமுறை எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் ஆசிரியர் ஏற்பாரா?

ஆக்டேவ் வேதிப் பொறியியல் மாணவர்களுக்காக ஜான் ஈட்டன் எழுதத் தொடங்கியது. மாணவர்கள் வேதியியலைவிட போர்ட்ரான் நிரலின் பிழைகளோடு போராடுவதிலேயே காலத்தைக் கழித்தனர் என்பதுதான் அதற்குத் தூண்டுதல். அணிக்கோவை, சமன்பாடு, வரைபடம் எனக் கல்லூரிப் பாடம் முழுவதையும் அதில் செய்யலாம். மேட்லாபுடன் சேர்ந்து வரும் சிமுலிங்க் போன்ற கருவி மட்டும் அதில் இல்லை. கட்டுப்பாட்டுப் பொறியியல் படிப்பவர் சைலாபைப் பார்ப்பது நலம்.

பள்ளி ஆசிரியர்கள் பெரிதும் விரும்பும் ஜியோஜீப்ராவைக் கட்டற்ற மென்பொருள் வரிசையில் சேர்ப்பது வழக்கம். வடிவியல் கற்பிக்க அதைப் போன்ற கருவி அரிது. இதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதன் உரிமம் வணிக நோக்கமில்லாப் பயனுக்கு மட்டுமே விலையின்றி இடம் தருகின்றது. கட்டணம் வாங்கும் தனிப்பயிற்சி நிலையம் அதனைப் பயன்படுத்தும்முன் உரிமத்தைப் படித்துப் பார்க்க வேண்டும். விலையில்லாமையும் உரிமையும் வெவ்வேறு என்று முன்பு கூறியது இதற்காகவே.

ஸ்டெல்லேரியத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களைக் கொண்ட வான மண்டபம் அது. இடத்தைக் கன்னியாகுமரி என்று கொடுத்து அகத்தியர் விண்மீனைத் தேடுங்கள். உச்சி கடக்கும்போது தெற்கு அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 29 பாகை உயரத்தில் நிற்கும். இடத்தை டெல்லி என்று மாற்றுங்கள். 9 பாகைக்குத் தாழ்ந்துவிடும். பூமி உருண்டை என்பதற்கு இதைவிட எளிய பாடம் வேறென்ன வேண்டும்?

கண்கள் பல இருந்தும்

மூல நிரல் எல்லோருக்கும் தெரிவதால் பிழைகள் விரைவில் பிடிபடும் என்று இவ்வியக்கத்தார் கூறுவது வழக்கம். எவரும் பார்க்கலாம் என்பது வேறு. பார்க்கின்றார்கள் என்பது வேறு. இணையத்தின் மறைகுறி வேலையைச் சுமக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் கட்டற்ற மென்பொருளில் 2012-இல் நுழைந்த ஹார்ட்பிளீட் என்ற பிழை, 2014 வரை எவர் கண்ணிலும் படவில்லை. உலகமே சார்ந்திருந்த அம்மென்பொருளைப் பேணியவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள்.

2024 மார்ச்சில் நடந்தது இதனினும் கடுமை. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்.இசட். என்னும் சிறு மென்பொருளைத் தன்னார்வலர் ஒருவர் பல்லாண்டுகளாகப் பேணிவந்தார். புனைபெயரில் வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேல் நல்ல திருத்தங்களை அனுப்பி, நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பையும் பெற்று, 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளக் கதவு ஒன்றை வைத்துவிட்டார். ஆண்ட்ரெஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர் வேறொரு சோதனையில் ஈடுபட்டிருந்தபோது, தொலைவிலிருந்து கணிப்பொறிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவதைக் கண்டார். காரணத்தைத் துருவிச் சென்றவர் கள்ளக் கதவைக் கண்டுபிடித்தார். அப்பதிப்புகள் பெருவாரியான கணிப்பொறிகளைச் சென்று சேருமுன் திரும்பப் பெறப்பட்டன. மூல நிரல் திறந்திருந்ததால்தான் அவரால் அவ்வளவு தூரம் துருவ முடிந்தது என்பது உண்மை. அந்த அரை நொடி அவர் கவனத்தில் பட்டது தற்செயல் என்பதும் உண்மை.

எனவே ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் மாணவர், அதன் வசதிகளைப் பார்ப்பதோடு அதன் கடைசித் திருத்தம் எந்த ஆண்டில் வந்தது, அதை இன்னும் பேணுகின்றவர்கள் இருக்கின்றார்களா என்பனவற்றையும் பார்க்க வேண்டும். உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். கடைக்காரர் தரும் படியில் பதிப்பு எண் சரியாக இருக்குமென்று நம்புவதற்கில்லை. பெரும்பாலான மென்பொருள்களில் உதவிப் பட்டியின் கடைசி வரியைச் சொடுக்கினால் அந்த எண் தெரியும். உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் ஓப்பன் ஆபீஸ் 4.1 என்று தெரிந்தால், லிப்ரே ஆபீஸை அதன் பக்கத்திலேயே நிறுவி, பழைய கோப்பு ஒன்றை இரண்டிலும் திறந்து பாருங்கள்.